5 உருண்டை எல்.என்.ஜி. கப்பலுக்கு மர மாடல்: யார்கிட்ட கொடுக்கலாம், என்ன அளவு, எவ்வளவு ஆகும்?

முத்துநகர்_மகன் · மே 18

எல்லாருக்கும் வணக்கம். இங்க புதுசு. அப்பா 31 வருஷம் கப்பல்ல இருந்தவர், கடைசி 14 வருஷம் கேஸ் கப்பல்ல சாரங்கு (டெக் ஆளுங்களுக்குத் தலைவர்). அபுதாபி தாஸ் தீவுல எல்.என்.ஜி. (குளிரவெச்சுத் திரவமாக்கின இயற்கை எரிவாயு) ஏத்தி டோக்கியோ வளைகுடாவுல இறக்குற ஓட்டம். டெக்குக்கு மேல அஞ்சு பெரிய உருண்டை வரிசையா நிக்குமே, அந்த மாதிரிக் கப்பல். அது உடைப்புக்குப் போய் சில வருஷம் ஆச்சு. அந்தச் சேதி வந்த அன்னைக்கு அப்பா ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்னுட்டார்.

வர்ற ஜனவரியில அப்பாவுக்கு 70. அந்தக் கப்பலையே மரத்துல செஞ்சு கொடுக்கலாம்னு ஆசை. தாத்தா தூத்துக்குடித் தோணியில மாலத்தீவு போய்ட்டு வந்தவர், அதனால வீட்டுல மரக் கப்பல்னா ஒரு மரியாதை. பிளாஸ்டிக், ஃபைபர் வேண்டாம்.

கையில இருக்கிறது: நீளம் 293 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 46 மீட்டர், அப்பா ஆல்பத்துல 60 போட்டோ. வரைபடம் ஒண்ணும் இல்ல. அப்பாவுக்குத் தெரியாம நடக்கணும். பட்ஜெட் ஒரு லட்சம். நடக்குமா?

பலசரக்கு · மே 18

ஒரு லட்சத்துக்கு ரெண்டு உருண்டை வரும். மிச்சம் மூணு அடுத்த பிறந்தநாளுக்கு.

இழைப்புளி_கோவை · மே 19

பலசரக்கு சொல்றதக் கண்டுக்காதீங்க. நடக்கும், ஆனா முதல்ல ஸ்கேலை முடிவு பண்ணுங்க. 1:200-ல செஞ்சா 146 செ.மீ. வரும். அது வீட்டுல வைக்கிற பொருள் இல்ல, கப்பல் கம்பெனி வரவேற்பறைச் சாமான். 1:400-ல 73 செ.மீ., பார்க்க லட்சணமா இருக்கும், ஆனா டெக் வேலை எல்லாம் புள்ளி புள்ளியாப் போயிடும். 1:300 எடுங்க. 98 செ.மீ. நீளம், 15 செ.மீ. சொச்சம் அகலம். டிவி ஸ்டாண்டுல அடங்கும்.

தேக்குல பண்ணுங்கன்னு நாலு பேர் வந்து சொல்லுவாங்க. மாட்டிக்காதீங்க. தேக்குல எண்ணெய் இருக்கு. ஒட்டுறதுக்கு முன்னாடி தின்னர் போட்டுத் துடைக்கணும், பெயிண்டும் லேசுல நிக்காது. நரம்பும் பெருசு. ஒரு மீட்டர் மாடல்ல அந்த நரம்பு முப்பது அடி ஆத்து வெள்ளம் மாதிரித் தெரியும். குமிழ் நல்லா காஞ்சதா கிடைச்சா அதான் ராஜா. இல்லேன்னா வாகை.

கேஸ்_இன்ஜினியர்_நாகை · மே 19

தம்பி, அப்பா கப்பல் மாஸ் (Moss) டைப், அதாவது உருண்டை டேங்க் வகை. நார்வேக்காரன் டிசைன், 1973-ல முதல் கப்பல் இறங்குச்சு. நீங்க சொல்ற நீளத்துக்குக் கொள்ளளவு ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் கன மீட்டருக்கு மேல இருக்கும். உருண்டைக்கு 27,000.

மாடல் பண்றவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லிடுங்க. வெளிய தெரியுறது டேங்க் இல்ல, டேங்குக்குப் போட்ட தொப்பி. உள்ள இருக்கிற அலுமினிய உருண்டை நடு இடுப்புல ஒரு பாவாடை மேல உக்காந்திருக்கும், பாதி கப்பல் வயித்துக்குள்ள. வெளிய இரும்பு மூடி மட்டும். அதனால முழு உருண்டை கடையச் சொல்லிக் காசைக் கரியாக்காதீங்க. அரை உருண்டை, அதுக்குக் கீழ கொஞ்சம் நேர்ச் சுவர், அவ்வளவுதான்.

அடுத்தது மேனிஃபோல்டு, சரக்கு ஏத்தி இறக்குற குழாய் இணைப்பு. கப்பலோட நடுவுல ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு குழாய் வாய். ரெண்டு திரவம், நடுவுல ஒரு ஆவி, திரும்ப ரெண்டு திரவம். தப்பா நாலோ ஆறோ வெச்சா அப்பா அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார்.

ஸ்டைரீன்_சித்தர் · மே 20

சம்பந்தமே இல்லாம ஒரு கேள்வி. கடைசியில பெயிண்ட்தான் அடிக்கப் போறீங்க. சிவப்பு, நீலம், வெள்ளை மூணு கோட் ஏறின பிறகு உள்ள குமிழா, எம்.டி.எஃப்.பா, ரெசினான்னு யாருக்குத் தெரியும்? 3டி பிரிண்ட் போட்டா ஒரு வாரம். அளவு மயிரிழை பிசகாது. இரும்புல கட்டின கப்பலை மரத்துல செய்றதுல என்ன உண்மைத்தன்மை இருக்கு?

இழைப்புளி_கோவை · மே 20

சித்தரே, ஒவ்வொரு இழையிலும் இதையே கேக்குறீங்க. கையில தூக்கிப் பார்த்தா தெரியும். கனம், தட்டினா வர்ற சத்தம், உள்ளங்கையில படுற சூடு.

கேஸ்_இன்ஜினியர்_நாகை · மே 20

உண்மைத்தன்மைன்னதும் சிரிப்பு வந்துடுச்சு. எல்.என்.ஜி. கப்பல்ல மரம் இல்லேன்னு யார் சொன்னது? 1959-ல லூசியானாவுல இருந்து இங்கிலாந்து கேன்வி தீவுக்கு முதல் சரக்கு கொண்டு போனதே 'மீத்தேன் பயனியர்'. பழைய சரக்குக் கப்பல், டேங்கைச் சுத்தி பால்சா மரம் வெச்சுத்தான் குளிரைக் கட்டினாங்க. மைனஸ் 162 டிகிரி சரக்குக்கு மரம்தான் போர்வை. இன்னைக்கும் மெம்பிரேன் கப்பல்ல (உருண்டை இல்லாம, கப்பல் வயித்துக்குள்ளயே மெல்லிசு உலோகத் தகடு போட்ட டேங்க்) ஒரு வகைக்கு இன்சுலேஷனே பிளைவுட் பெட்டிதான், உள்ள பெர்லைட் தூள். கப்பல் முழுக்க ஆயிரக்கணக்குல பெட்டி. பட்டறையில அதுக்குன்னே தச்சு வேலை நடக்கும்.

இப்ப புதுசா வர்றதுல பெரும்பாலும் மெம்பிரேன்தான், தட்டை டெக். உருண்டைக் கப்பல் வயசாகி வயசாகிக் குறைஞ்சுகிட்டே வருது. ஜப்பான்காரன் நடுவுல உருண்டை எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மூடி போட்டு ஒண்ணு கட்டினான், பேரே 'சாயாஎண்டோ', தோலோட இருக்கிற பட்டாணி.

பலசரக்கு · மே 20

அப்போ சித்தர் சாப்பிடுற சமையல் கேஸும் மரத்துக்குள்ள படுத்து வந்ததுதான்.

கேஸ்_இன்ஜினியர்_நாகை · மே 20

சிலிண்டர்ல வர்றது எல்.பி.ஜி. அது வேற கப்பல், வேற குளிர். புரொப்பேன் மைனஸ் 42-லயே திரவமாயிடும். ஆனா ஜோக்கு ஓகே.

ராயபுரம்_மாலுமி · மே 22

வரைபடம் பற்றி யாரும் பேசவில்லையே. போட்டோவை வைத்து ஆசாரி வேலையைத் தொடங்கினால் பக்கவாட்டுத் தோற்றம் சரியாக வரும், அடிப்பாகம் கற்பனையாக இருக்கும். அணியத்துக்கு (முன்முனைக்கு) கீழே மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது, பின்பக்கம் புரொப்பல்லருக்கு மேல் எப்படி வளைகிறது என்பதெல்லாம் போட்டோவில் தண்ணீருக்கு அடியில்தானே இருக்கும்.

முழு லைன்ஸ் பிளானை, அதாவது உடம்பின் வளைவுகளைக் காட்டும் வரைபடத்தை, கட்டும் யார்டு வெளியே விடாது. அது அவர்கள் குடும்ப ரகசியம் மாதிரி. ஜெனரல் அரேஞ்ச்மென்ட் பிளான் (எது எங்கே இருக்கிறது என்று காட்டும் பொது வரைபடம்) கிடைத்தாலே முக்கால் வேலை முடிந்தது. பழைய கப்பலென்றால் அதில் வேலை பார்த்த அதிகாரிகள் யாராவது டாக்கிங் பிளான் நகல் வைத்திருப்பார்கள். டிரை டாக்கில் கட்டை வைப்பதற்கான படம், அடிப்பாகத்தின் குறுக்குவெட்டு நாலைந்து இடத்தில் கிடைத்துவிடும். தந்தையோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். அவரிடம் உளற மாட்டார்கள் என்று நம்பிக்கை இருப்பவர்களை மட்டும்.

இன்னொன்று. எல்.என்.ஜி. லேசான சரக்கு. ஒரு கன மீட்டர் அரை டன்கூட வராது. அதனால் 293 மீட்டர் கப்பல் முழுச் சுமையிலும் 11 மீட்டர் சொச்சம்தான் அமிழும். பெரிய எண்ணெய்க் கப்பல் இருபது மீட்டர் போகும். எண்ணெய்க் கப்பல் மாடல் செய்து பழகிய கை இங்கேதான் தவறும்.

முத்துநகர்_மகன் · ஜூன் 9

கேப்டன் சார், உங்க வாய்க்குச் சர்க்கரை. அப்பாவோட இருந்த பழைய சீஃப் ஆபீசர் ஒருத்தர் இப்ப கொச்சியில இருக்கார். டாக்கிங் பிளானும் ஜெனரல் அரேஞ்ச்மென்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பினார். "உங்கப்பன் கேட்டா நான் தரலேன்னு சொல்லு"ன்னு ஒரு வரி.

ஆளும் கிடைச்சாச்சு. முதல்ல ஆன்லைன்ல ஒரு இடத்துல கேட்டேன், பேர் வேண்டாம். முழுப் பணமும் முன்னாடியே கேட்டாங்க, மாதிரின்னு அனுப்பின போட்டோவுல நாலு உருண்டைதான் இருந்துச்சு. கேட்டா "அஞ்சாவது சேர்த்துக்கலாம் சார்"ன்னாங்க, ஏதோ இட்லித் தட்டுல ஒரு குழி சேர்க்கிற மாதிரி. விட்டுட்டேன்.

அப்புறம் ஊருக்குப் போனப்ப ஒரு தோணி ஆசாரியைப் பார்த்தேன். 68 வயசு. மரத்தோணி வேலை குறைஞ்ச பிறகு வீட்டுலயே சின்னத் தோணி செஞ்சு விக்கிறார். பிளானை விரிச்சு வெச்சேன். அரை மணி நேரம் வாயே திறக்கல. அப்புறம் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தம்பி, இதுக்கு ஏரா எங்க?" ஏரான்னா தோணிக்கு அடியில நீளமா ஓடுற முதுகெலும்புக் கட்டை. அடி தட்டைன்னு சொன்னதும், "அப்ப இது தோணி இல்ல, பெட்டி. பெட்டின்னா செஞ்சிரலாம்"னுட்டார்.

கப்பல் உடம்பும் மேல் வேலையும் 85,000. உருண்டைக்கு மட்டும் வேற ஆள் பார்க்கணுமாம், கடைசல் தனக்கு வராதுன்னார்.

இழைப்புளி_கோவை · ஜூன் 9

இவர்கிட்டயே கொடுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆசாரி கிடைக்கிறது கஷ்டம்.

ஒரே கட்டையில குடைய விடாதீங்க. பலகை பலகையா அடுக்கி ஒட்டி, அப்புறம் செதுக்கணும். ஒவ்வொரு பலகையும் ஒரு நீர்மட்டக் கோடு. உள்ள வெட்டி எடுத்துட்டு ஒட்டினா கனமும் குறையும், வெயில்ல வெடிக்கவும் செய்யாது. பணம் மூணு தவணை: மரம் வாங்க, உடம்பு முடிஞ்சதும், கடைசியில.

உருண்டைக்கு அம்பாசமுத்திரம் போங்க. உங்களுக்குப் பக்கம்தானே. சொப்புச் சாமான் கடைஞ்ச கைகள் இன்னும் இருக்கு.

முத்துநகர்_மகன் · ஜூலை 2

அண்ணாச்சி சொன்ன மாதிரி அம்பை போனேன். பட்டறைக்காரர் மஞ்சக்கடம்புலதான் கடைவாராம். 13.3 செ.மீ. விட்டத்துல அஞ்சு கவிழ்த்த கிண்ணம்னு சொன்னதும் "கோயில் கலசமா?"ன்னார். கப்பல்னதும் நம்பல, போட்டோ காட்டினேன்.

ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். அன்னைக்கே கடைஞ்சு தர மாட்டேன்னுட்டார். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுருங்காதாம். வளையத்தோட போற பக்கம் அதிகமாவும், நடுவுல இருந்து வெளிய போற பக்கம் அதுல பாதியும் சுருங்கும். இன்னைக்கு வட்டமா இருக்கிறது ரெண்டு மாசத்துல கோழிமுட்டை. அதனால இப்ப ஒரு விரக்கடை பெருசா கடைஞ்சு நிழல்ல போட்டுட்டு, ஆடி ஆவணி கழிச்சு மறுபடி ஏத்திச் சரி பண்ணுவாராம். அட்டையில அரை வட்டம் வெட்டிக் கொடுத்துட்டு வந்திருக்கேன், அதை வெச்சு ஒளி பார்த்துக் கடையணும்.

ஸ்டைரீன்_சித்தர் · ஜூலை 2

3டி பிரிண்டர் ஆடி கழியக் காத்திருக்காது. சும்மா சொல்றேன்.

முத்துநகர்_மகன் · ஆகஸ்ட் 11

ஜூலை கடைசியில இருந்து வேலை நின்னுபோச்சு. பனிமய மாதா திருவிழா. கொடியேறினதுல இருந்து 5-ம் தேதி வரைக்கும் ஆசாரி பட்டறைப் பக்கமே வரல. நேத்துதான் உளி எடுத்தார். உடம்பு பாதி வந்திருக்கு, குமிழ், ஒன்பது அடுக்கு. அணிய மூக்கை மட்டும் தனிக்கட்டையில செதுக்கிச் சொருகியிருக்கார். ஒட்டுன கோடு நகத்தை வெச்சுத் தேடினாத்தான் தட்டுப்படுது.

ஒரு சந்தேகம். ரெயிலிங்குக்கு என்ன பண்றது? நிஜத்துல ஒரு மீட்டர் உயரம்னா 3.3 மில்லி. கம்பி கனம் கணக்குப் பார்த்தா 0.13 மில்லி வருது. ஆசாரி என் மூஞ்சியைப் பார்த்தார்.

ஸ்டைரீன்_சித்தர் · ஆகஸ்ட் 11

இங்க நான் உதவலாம். ரெயிலிங்கைக் கையால பண்ணாதீங்க, கண்ணு போயிடும். எட்ச் பண்ணின (ரசாயனத்துல அரிச்சு வடிவம் எடுத்த) பித்தளைத் தகடு ரெடியா கிடைக்கும், 1:300 நேரா கிடைக்கலேன்னா 1:350 வாங்குங்க, அரை மில்லிகூட வித்தியாசம் வராது. டெக் குழாய்க்குப் பித்தளைக் கம்பி. நிஜத்துல 60 செ.மீ. விட்டக் குழாய்னா 2 மில்லி கம்பி. ஈய வார்ப்பு எதையும் வைக்காதீங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள மரத்துல இருந்து வர்ற அமில ஆவி ஈயத்தை அரிச்சு வெள்ளைப் பொடியாக்கிடும். மியூசியம் மாடல்களுக்கே வந்த வியாதி அது.

பலசரக்கு · ஆகஸ்ட் 11

சித்தர் மரக்கட்சியில சேர்ந்துட்டார். எல்லாரும் சாட்சி.

முத்துநகர்_மகன் · அக்டோபர் 6

கோவத்துல எழுதுறேன். பெயிண்டுக்கு ஆசாரி வேற ஒருத்தரை ஏற்பாடு பண்ணியிருந்தார், கார் பட்டறைப் பையன். நான் சென்னையில. போட்டோ வந்துச்சு. மின்னுது, கண்ணாடி மாதிரி. ஆனா அடிச்சிவப்பு டெக்குக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஏறியிருக்கு! முழுகப் போற எண்ணெய்க் கப்பல் மாதிரி. கேப்டன் சார் மே மாசமே சொன்னார், நானும் ஆசாரிகிட்டச் சொன்னேன், ஆசாரி பையன்கிட்டச் சொல்லல. பையன் கூகுள்ல "டேங்கர்"னு தேடி அடிச்சிருக்கான்.

ராயபுரம்_மாலுமி · அக்டோபர் 6

பதற வேண்டாம். சுரண்டாதீர்கள், வளைவு கெடும். மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சிவப்பின் மேலேயே மேல் நிறத்தை அடிக்கச் சொல்லுங்கள். 11.3 மீட்டர் அமிழ்வு என்று வைத்துக்கொண்டால் அடியிலிருந்து 3.8 செ.மீ.யில் கோடு. மாடலைச் சமதளத்தில் வைத்து, பென்சிலை ஒரு கட்டையில் அந்த உயரத்துக்குக் கட்டிச் சுற்றிலும் இழுத்தால் கோடு தானாக வரும்.

ஆனால் இந்த மாதமே செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உங்கள் ஊர் ஈரத்தில் பெயிண்ட் காயாது.

இழைப்புளி_கோவை · அக்டோபர் 7

உருண்டைக்கும் அந்தப் பையன் கை வெச்சுட்டானா?

முத்துநகர்_மகன் · அக்டோபர் 7

இல்ல, அது இன்னும் அம்பையில. நிஜக் கப்பல்ல தொப்பி எல்லாம் வெளிர் மஞ்சள்.

இழைப்புளி_கோவை · அக்டோபர் 7

அப்ப பெயிண்டே வேண்டாம்! மஞ்சக்கடம்பு தன்னாலயே மஞ்சள். லேத்துல ஓடும்போதே நிறமில்லாத அரக்கை மட்டும் ஏத்தித் தாழை மடல் வெச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. அஞ்சு தொப்பியும் மரமாவே இருக்கட்டும். கப்பல் கப்பல் நிறத்துல, தொப்பி மர நிறத்துல. அப்ப யாரும் "உள்ள என்ன"ன்னு கேக்க மாட்டாங்க.

ஸ்டைரீன்_சித்தர் · அக்டோபர் 7

இதை ஒத்துக்கறேன்.

முத்துநகர்_மகன் · டிசம்பர் 21

நிலவரம்: தொப்பி வந்தாச்சு. அஞ்சையும் தரையில கவிழ்த்து வெச்சா நாட்டுச் சர்க்கரை அச்சு மாதிரி இருக்கு. ஒண்ணுல மட்டும் பொட்டு மாதிரி ஒரு முடிச்சு. அதை மூணாவது டேங்குக்கு வெச்சுட்டோம், மேலே போற நடைபாதை மறைச்சுக்கும். நவம்பர் முழுக்க மழை, பெயிண்ட் ஒட்டிக்கிட்டே கிடந்துச்சு. ஆசாரி ரெண்டு நூறு வாட் பல்பு போட்டு, மேல சாக்கைத் தொங்கவிட்டுக் காய வெச்சார், கோழிக்குஞ்சு பொரிக்கிற மாதிரி. லைஃப் போட் 3 செ.மீ., மிச்சக் குமிழ்ல கையாலயே செதுக்கினது. முன்டெக்குல வின்ச் டிரம்முக்கு (கப்பலைக் கட்டுற கயிறு சுத்துற உருளை) தையல் நூலைச் சுத்திக் கயிறு மாதிரி வெச்சிருக்கார், நான் சொல்லவே இல்ல.

மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஆயிடுச்சு. கடைசல் 9,000, பித்தளைச் சாமான் 11,000, மிச்சம் பெயிண்டும் அக்ரிலிக் பெட்டியும். பெட்டிக்கு அடிப்பலகையில நாலு ஓட்டை போட்டிருக்கு, காத்துப் போக.

பலசரக்கு · டிசம்பர் 21

ஒரு உருண்டைக்கு 23,600. நான் மே மாசம் சொன்ன கணக்கு கொஞ்சம் தப்பு, மன்னிக்கவும்.

முத்துநகர்_மகன் · ஜனவரி 17

நேத்து கொடுத்தோம். எல்லாரும் கேப்பீங்கன்னு தெரியும், அதான் எழுதுறேன்.

துணியை எடுத்ததும் அப்பா ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு அணியத்துல இருந்து ஆரம்பிச்சார். மேனிஃபோல்டு குழாயை விரல் விட்டு எண்ணினார், அஞ்சு. நீர்க்கோட்டைப் பார்த்தார். சுத்தி அந்தப் பக்கம் போய் மறுபடி அஞ்சு எண்ணினார். அம்மா "நல்லா இருக்கா?"ன்னு கேட்டதுக்குப் பதிலே இல்ல.

அப்புறம் முன்டெக்குகிட்ட குனிஞ்சு, "இதை யார் சுத்தினது?"ன்னார்.

வின்ச் டிரம்முல இருக்கிற நூல். ஆசாரி எல்லாத்தையும் மேலாக்க வர்ற மாதிரிச் சுத்தியிருக்கார். அதுல மூணு டிரம்முக்குக் கயிறு அடிப்பக்கமா வரணுமாம். "பிரேக் ஒரு பக்கம் இழுத்தாத்தான்டா முழுசா பிடிக்கும். மாத்திச் சுத்தினா பிடி பாதியாயிரும். காத்து அடிக்கிற நேரம் கயிறு ஓடிச்சுன்னா துறைமுக ஜெட்டியில கப்பல் நிக்காது, ஆள் செத்துப்போவான்." ஜப்பான்ல ஒரு தடவை புது ஆள் ஒருத்தன் இப்படித்தான் சுத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா எந்திரிச்சு வந்து எல்லாத்தையும் அவுத்து மறுபடி சுத்த வெச்சாராம். இந்தக் கதையை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல.

ஆசாரியும் வந்திருந்தார், கேசரி சாப்பிட்டுட்டு இருந்தார். தட்டைக் கீழ வெச்சுட்டு, "அண்ணாச்சி, எந்த மூணு?"ன்னார். ரெண்டு பேரும் பெட்டியைத் திறந்து, அம்மா தையல் டப்பாவுல இருந்து வெள்ளை நூலும் புருவம் எடுக்கிற கிடுக்கியும் எடுத்துக்கிட்டு உக்காந்தாங்க. வந்த சொந்தக்காரங்க எல்லாம் சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டாங்க.

ராயபுரம்_மாலுமி · ஜனவரி 17

தந்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டிரம்மில் அம்புக்குறி போட்டு எழுதியே வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று. சாரங்குக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேஸ்_இன்ஜினியர்_நாகை · ஜனவரி 18

மேனிஃபோல்டுல பாஸ் ஆயிட்டோம்ல, அது போதும். போட்டோ போடுங்க தம்பி.

முத்துநகர்_மகன் · ஜனவரி 18

சொல்றேன் கேப்டன் சார். போட்டோ நாளைக்குப் போடுறேன். பெட்டி இன்னும் மூடல. ரெண்டு டிரம் முடிஞ்சிருக்கு, மூணாவதுக்கு ஆசாரி சாயங்காலம் வர்றேன்னிருக்கார்.